பாட்டு ஒட்டிக்கொள்கிறது, பாடப்புத்தகக் கவிதை ஏன் ஒட்டவில்லை?

கேள்வி கேட்டவர் 11ஆம் வகுப்பு மாணவி. மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறார். ஆங்கில வகுப்பில் நடத்தும் கவிதைகள் எதுவும் மனசில் நிற்பதில்லை, ஆனால் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஆங்கிலப் பாட்டுகள் இரண்டு தடவை கேட்டாலே வரிவரியாக வந்துவிடுகின்றன, ஏன்? 'பாட்டு வரியும் இலக்கியம்தானே' என்று வகுப்பில் கேட்டதற்கு 'அது வேறு, இது வேறு' என்று பதில் கிடைத்தது, அது சரியா? இந்த ஆர்வத்தை மட்டும் நம்பி பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேரலாமா? மேலாகப் பார்த்தால் 'பாட்டு இலக்கியமா' என்ற பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. கேள்வியைத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. 'எனக்கு ஆங்கிலமும் பிடிக்கிறது, பாட்டும் பிடிக்கிறது, அப்படியிருக்க கவிதை மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது, குறை என்னிடமா கவிதையிடமா' என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இசையை முறையாகக் கற்றதில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடிய பழக்கம் மட்டும் உண்டு. ஆகவே சொல், அழுத்தம், தாளம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சுரம், கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பற்றி ஏதாவது சொன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறை உங்களிடமும் இல்லை, கவிதையிடமும் இல்லை. நாம் அதை வாசிக்கிற விதத்தில் இருக்கிறது. தமிழில் ஓர் எழுத்தை எவ்வளவு நேரம் ஒலிக்கிறோம் என்பதுதான் கணக்கு. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2. நேரசை, நிரையசை என்று நம் யாப்பு நிற்பதும் இதன்மேல்தான். ஆங்கிலத்தின் கணக்கு அழுத்தம். ஒரு சொல்லில் ஏதோ ஒரு சிலபிள்மேல், அதாவது ஒரே மூச்சில் ஒலிக்கும் துண்டின்மேல், குரல் ஓங்கி விழுகிறது, பக்கத்தில் இருப்பவை சுருங்கிப் பாதி விழுங்கப்படுகின்றன. 'ஆஃப்', 'தி', 'ஹேஸ்' போன்ற சின்னச் சொற்களை அவர்கள் சொல்லும்போது சொன்னதே தெரியாது. நாமோ எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்து வாசித்துப் பழகியவர்கள். நம் வாயில் 'ஆஃப்' முழு மரியாதையோடு வந்து போகும். பேச்சில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை, எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் ஆங்கிலச் செய்யுள் முழுக்க முழுக்க இந்த மேடு பள்ளத்தை வைத்துத்தான் கட்டப்படுகிறது. மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகத் தட்டிவிட்டால் மிஞ்சுவது பொழிப்புரை மட்டும். அந்தப் பொழிப்புரையைத்தான் நீங்கள் கவிதை என்று நினைத்துச் சலித்துப்போயிருக்கிறீர்கள்.

பாட்டில் இந்த வேலையை டிரம்ஸும் கிடாரும் உங்களுக்காகச் செய்துவிடுகின்றன. பெரும்பாலும் அழுத்தம் விழ வேண்டிய சிலபிள் தாளத்தின் தட்டில் வந்து உட்காரும். நீங்கள் கூடவே பாடும்போது ஆங்கிலேயர் எங்கே அழுத்துவாரோ அங்கேயே அழுத்துகிறீர்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அதே ஆள் அடுத்த மணிநேரத்தில் வகுப்பில் எழுந்து கவிதை வாசித்தால் எல்லாம் தட்டையாகிவிடுகிறது. பாட்டு பாடும்போது நல்ல ஆங்கிலம், வாசிக்கும்போது நம்மூர் ஆங்கிலம் என்ற இந்த விசித்திரத்தை வகுப்பில் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வாய்விட்டுச் செய்து பார்த்தால்தான் விளங்கும். மாநிலப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்று உண்டு, வசந்தத்தின் தொடக்கத்தில் எழுதிய வரிகள் என்ற தலைப்பில். 1798இல் அவரும் அவருடைய கவிஞர் நண்பர் கோல்ரிட்ஜும் பெயர் போடாமல் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் வந்தது. ஒரு தோப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், காதில் பல ஒலிகள் கலந்து விழுகின்றன, மனம் இனிக்கிறது, அந்த இனிப்போடே துக்கமும் வருகிறது. முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஐ ஹெர்ட் அ தௌஸண்ட் பிளெண்டட் நோட்ஸ்'. 8 சிலபிள். மேசையில் தட்டிக்கொண்டே வாசியுங்கள். 'ஹெர்ட்' ஒரு தட்டு, 'தௌ' ஒன்று, 'பிளெண்' ஒன்று, 'நோட்ஸ்' ஒன்று. மொத்தம் 4. மற்றவற்றை மெல்ல நழுவ விடுங்கள். இரண்டாம் வரி 4, மூன்றாம் வரி 4. நான்காம் வரிக்கு வரும்போது கை நின்றுவிடும், ஏனென்றால் அதில் 3 தட்டுத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் அப்படித்தான், ஒரு தட்டு குறைவு.

குறைகிற அந்தத் தட்டு எங்கே போகிறது என்று பாட்டு கேட்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது காலி இடம். பாடகர் வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்குவார், தாளம் மட்டும் ஓடும். இந்தக் கவிதையின் இரண்டாம் பத்தி எந்த வரியில் முடிகிறது என்று பாருங்கள்: 'வாட் மேன் ஹேஸ் மேட் ஆஃப் மேன்'. மனிதன் மனிதனை என்ன கதிக்கு ஆளாக்கிவிட்டான் என்கிற வரி. 'மேன், மேட், மேன்', 3 தட்டு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நம் கணக்கில் நல்ல மோனை. நடுவில் இருக்கும் 'ஹேஸ்', 'ஆஃப்' இரண்டையும் முணுமுணுத்துத் தாண்ட வேண்டும். மூன்றாவது தட்டு விழுந்ததும் ஒரு தட்டு நேரம் மௌனம். அந்த வரியைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த விஷயத்துக்குப் போக முடியாதபடி செய்யுளே உங்களைப் பிடித்து நிறுத்துகிறது. ஆறு பத்திகள் கடந்து கவிதை முடியும்போதும் இதே வரிதான் திரும்பி வருகிறது, இந்த முறை கேள்விக்குறியோடு. பாட்டில் பல்லவி திரும்பி வருவதுபோல என்று சொல்லலாம். கேள்வி கேட்டதும் மறுபடியும் அதே காலித் தட்டு. இது 'இயற்கையின் இன்பத்தையும் மனிதனின் கொடுமையையும் கவிஞர் ஒப்பிடுகிறார்' என்று விடைத்தாளில் எழுதுகிற வாக்கியத்துக்குள் வராது. அந்த வாக்கியம் தப்பில்லை, மார்க்கும் கிடைக்கும். ஆனால் கவிதையில் பாதிதான் அதில் இருக்கிறது.

இதே கவிதையில் உங்கள் காதைச் சோதிக்க இன்னொரு இடம். இயைபு அமைப்பு என்ன என்று கேட்டால் 'ஏபிஏபி' என்று எழுதுவோம், அதாவது வரிக்கடைசியில் ஒன்றும் மூன்றும் ஒத்து ஒலிக்கும், இரண்டும் நான்கும் ஒத்து ஒலிக்கும். முதல் பத்தியில் 'ரிக்ளைன்ட்', 'மைண்ட்' இரண்டும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. 'நோட்ஸ்', 'தாட்ஸ்'? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இன்றைய உச்சரிப்பில் முழுசாகப் பொருந்தாது. வேர்ட்ஸ்வொர்த் இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பர்லாந்துக்காரர், வடக்கத்தி வழக்கில் பேசியவர் என்பது பதிவாகியிருக்கிறது. அவர் வாயில் இவை இன்னும் நெருங்கி ஒலித்திருக்கலாம். ஆனால் அது ஊகம், அதை வைத்து வீடு கட்ட வேண்டாம். கண்ணால் எழுத்தைப் பார்த்து 'ஏபிஏபி' போடுகிறவருக்கு இந்த இடறல் தெரியவே தெரியாது என்பது மட்டும் நிச்சயம். இன்னொன்று, தமிழ்ச் செய்யுளில் நம் காது வரியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடிப் பழகியது. ஆங்கிலம் கடைசிச் சொல்லில் கொண்டுபோய் வைக்கிறது. சினிமாப் பாட்டுகள் இரண்டையும் கலந்துதான் எழுதப்படுகின்றன என்பதால் உங்கள் தலைமுறைக்கு இது எளிதாகப் பிடிபடும்.

சரி, அடுத்து 'அது வேறு, இது வேறு' என்ற பதில். அதை மறுக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம், அதே பாடப்புத்தகத்திலேயே இருக்கிறார். டி.எஸ். எலியட்டின் 'மக்காவிட்டி' என்ற பூனைக் கவிதை. திருட்டுப் பூனை, எங்கே குற்றம் நடந்தாலும் போய்ப் பார்த்தால் அங்கே இருக்காது. 1939இல் வந்த பூனைக் கவிதைத் தொகுப்பில் உள்ளது. எலியட்டுக்கு 1948இல் இலக்கிய நோபல் கிடைத்தது. 1965இல் இறந்துவிட்டார். 1981இல் ஆண்ட்ரூ லாய்ட் வெபர் அந்தத் தொகுப்பின் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டு லண்டனில் 'கேட்ஸ்' என்ற இசை நாடகமாக மேடையேற்றினார். மக்காவிட்டி அதில் இரண்டு பெண் பூனைகள் சேர்ந்து பாடும் பாட்டு. நாடகம் நியூயார்க் போனது, 1983இல் அங்கே மேடை நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுகள் வந்தபோது சிறந்த இசை நாடகப் பிரதிக்கும் பாட்டுக்கும் எலியட்டின் பெயரும் அறிவிக்கப்பட்டது, இறந்து 18 வருஷத்துக்குப் பிறகு. அதே சொற்கள் வகுப்பில் கவிதை, மேடையில் பாட்டு. எது 'அது', எது 'இது' என்று பிரித்துக் காட்டச் சொன்னால் கஷ்டம்தான்.

மக்காவிட்டியை வைத்து வீட்டில் ஒரு விளையாட்டு விளையாடலாம். அதன் வரிகள் நீளமானவை, 7 தட்டு. முதலில் 4, சின்ன நிறுத்தம், பிறகு 3. சிலபிள் எண்ணினால் முதல் வரி 8 கூட்டல் 6, இரண்டாம் வரியும் அப்படியே. பாடகர் குழுவில் நின்றவர்களுக்கு இந்த 8-6-8-6 கணக்கு பழகியது. ஞானப்பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைமாட்டில் இப்படி எண்கள் போட்டிருப்பார்கள், எந்தப் பாட்டை எந்த மெட்டில் பாடலாம் என்று கண்டுபிடிக்க. 'அமேசிங் கிரேஸ்' என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவப் பாட்டும் 8-6-8-6தான். ஆகவே மக்காவிட்டியின் முதல் இரண்டு வரியை 'அமேசிங் கிரேஸ்' மெட்டில் பாடிப் பாருங்கள். ஒரு சிலபிள் மிச்சமில்லாமல் உட்காரும். உட்கார்ந்த மறுநிமிஷம் சிரிப்பு வரும், ஏனென்றால் ஸ்காட்லாந்து யார்டு என்கிற லண்டன் போலீஸையே ஏய்க்கிற திருட்டுப் பூனை திடீரென்று மனம் திருந்திக் கண்ணீர் விடுகிற மாதிரி ஆகிவிடும். பிறகு மேடை நாடகத்தில் வெபர் போட்ட மெட்டைத் தேடிக் கேளுங்கள். அங்கே பூனை நழுவுகிறது, பதுங்குகிறது, கண் சிமிட்டுகிறது. சொல் ஏறக்குறைய அதேதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் முழுவதும் மெட்டின் சம்பாத்தியம், இரண்டிலும் மாறாமல் நிற்பது சொல்லின் சம்பாத்தியம். அப்புறம் வேர்ட்ஸ்வொர்த்தின் பத்தியை 'அமேசிங் கிரேஸ்' மெட்டில் பாட முயன்று பாருங்கள். இரண்டாம் வரியிலேயே இடிக்கும், 6 வர வேண்டிய இடத்தில் 8 நிற்கும். ஏன் இடிக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டால் யாப்புப் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது.

'அமேசிங் கிரேஸ்' பற்றி ஒரு சின்னத் தகவல். ஜான் நியூட்டன் எழுதிய அந்த வரிகள் அச்சில் வந்தது 1779இல். இன்று உலகமே பாடுகிற மெட்டோடு அமெரிக்காவில் அவை சேர்ந்தது 1835இல். நியூட்டன் இறந்தது 1807. தன் பாட்டை இந்த மெட்டில் அவர் கேட்டதே இல்லை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் பல கவிதைகளையும் இதே மெட்டில் பாடலாம் என்பது அமெரிக்க வகுப்பறைகளில் பழைய வேடிக்கை. அவர் சின்ன வயதிலிருந்து தேவாலயப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர், அந்தத் தாளத்தையே எடுத்துக்கொண்டு அதற்குள் மரணத்தையும் சந்தேகத்தையும் வைத்து எழுதினார். ஆங்கிலக் கவிதையில் ஒரு பெரிய பங்கு பாட்டின் தாளத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம் பக்கமும் கதை இதுதான். பரிபாடலின் பழைய ஏடுகளில் பாட்டை எழுதியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் இதிலிருந்து 'எல்லாப் பாட்டு வரியும் கவிதைதான்' என்று தாவிவிடக் கூடாது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபல் கொடுத்தபோது உங்கள் வகுப்பில் நடந்த அதே சண்டை உலகம் முழுக்க நடந்தது. 2017 ஜூனில் வந்த நோபல் உரையில் அவரே சொன்னது என்ன தெரியுமா? பாட்டு இலக்கியத்திலிருந்து வேறுபட்டது, பாடுவதற்காக உண்டானது, படிப்பதற்காக அல்ல என்றார். உங்கள் ஆசிரியர் சொன்னது பரிசு வாங்கியவரே சொன்னது. அதே உரையில் இன்னொன்றும் உண்டு, அது உங்கள் கட்சிக்குச் சாதகம். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் போலத் தானும் படித்த நாவல்கள்தான் வாழ்க்கையைப் பார்க்கக் கற்றுத்தந்தன, பாட்டு எழுத உட்கார்ந்தபோது அவை கூடவே வந்தன என்று சொல்லிவிட்டு, மூன்று புத்தகங்களைப் பற்றி நீளமாகப் பேசினார். திமிங்கல வேட்டை பற்றிய 'மோபி டிக்', முதல் உலகப் போர் பற்றிய ஒரு ஜெர்மன் நாவல், ஹோமரின் 'ஒடிசி'. வகுப்பறை வாசிப்பு பாட்டுக்குள் எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் எனக்குத் தெரியாது.

என் சொந்தக் கருத்து இது. பாட்டு வரியை மெட்டில்லாமல் வாய்விட்டு, நிதானமாக, ஒருவரிடம் பேசுகிற குரலில் வாசித்துப் பாருங்கள். சில நொறுங்கிவிடும். திரும்பத் திரும்ப வருகிற பல்லவி மூன்றாவது தடவை எரிச்சலூட்டும், 'ஓ', 'யே' எல்லாம் அசட்டுத்தனமாக இருக்கும். அதற்காக அது மட்டமான பாட்டு ஆகிவிடாது. காதில் ஓடிக்கொண்டே போவதால் பாட்டுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர் நிறுத்தி மேலே பார்க்க முடியாது. அச்சில் இருக்கும் கவிதையை நிறுத்தலாம், திரும்பலாம், ஒரு வரியில் பத்து நிமிஷம் உட்காரலாம். அதனால் அது நெருக்கி எழுதலாம், சொன்னதையே சொல்ல வேண்டாம். சில பாட்டு வரிகள் மெட்டை உருவிய பிறகும் நிற்கும். தாகூருக்கு 1913இல் நோபல் கிடைத்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட வரிகளுக்குத்தான். வங்காளத்தில் பலவும் பாட்டு, ஆங்கிலத்தில் போனது மெட்டும் சந்தமும் இல்லாத உரைநடை. அப்படியும் நின்றது. ஆக, 'பாட்டு இலக்கியமா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. இந்தப் பாட்டு, இந்த வரி என்று எடுத்தால் பேசலாம். ராப் விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். அழுத்தத்தையும் இயைபையும் அவர்கள் கையாளும் நுட்பம் பல நவீன கவிதைகளில்கூட இல்லை என்று தோன்றுகிறது, ஆனால் அந்த வேகத்துக்கு என் காது பழகவில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நான் சொன்ன தட்டுக் கணக்கு எல்லா இடத்திலும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் புத்தகத்திலேயே ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் பேசுகிற பகுதி இருக்கிறது, அரசர்கள் எப்படிச் செத்தார்கள் என்று தரையில் உட்கார்ந்து கதை பேசலாம் வாருங்கள் என்று அழைப்பான். அங்கே வரிக்கு 5 தட்டு, இயைபு பெரும்பாலும் இல்லை. 4 என்பது கைதட்டவும் ஆடவும் தோதான எண். 5 அப்படி இல்லை, அது பாட்டை விட்டு விலகிப் பேச்சின் பக்கம் வந்துவிடுகிறது. நாடகத்துக்கு வேண்டியதும் அதுதான். அதைப் பாட முயலாதீர்கள், ஆட்சி போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதன் பேசுவதாக நினைத்துப் பேசுங்கள். அதே புத்தகத்தில் உள்ள நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாராவின் கவிதையில் இதுவும் கிடையாது. மகனிடம் ஒரு தகப்பன் பேசுகிறான், வீட்டுக்கு ஒரு முகம், ஆபீசுக்கு ஒரு முகம், தெருவுக்கு ஒரு முகம் என்று உடை மாற்றுவதுபோல் மாற்றிப் பழகிவிட்டேன் என்கிறான். அங்கே தட்டினால் எதுவும் வராது. 'முகம்' என்ற சொல் எத்தனை தடவை, எந்த இடைவெளியில் வருகிறது என்பதுதான் அதன் தாளம். இத்தகைய கவிதைகளுக்கு ஒரே உபாயமாக நான் எதையும் கண்டதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காது கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாட்டு இரண்டு தடவையில் நினைவில் நிற்பதற்கு இன்னும் எளிய காரணமும் உண்டு. ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் பல்லவியைப் பெரும்பாலும் ஆறு தடவை கேட்டிருப்பீர்கள். மெட்டு, தாளம், இயைபு மூன்றும் சேர்ந்து அடுத்த சொல் இதுவாகத்தான் இருக்க முடியும் என்று நெருக்கிவிடுகின்றன. மனப்பாடக் கவிதையை நாம் ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணால் படிக்கிறோம், பிறகு எழுதிப் பார்க்கிறோம். தட்டிக்கொண்டே நாலு தடவை வாய்விட்டுச் சொன்னால் எழுதிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. வீட்டில் தம்பி கேலி செய்வான், பரவாயில்லை.

உங்கள் ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு ஒரு பீரியட் 40, 45 நிமிஷம். எதிரே அறுபது பேர். பரீட்சையில் எந்த வரிக்கு எந்த அணி என்றுதான் கேட்கிறார்கள், எந்தத் தட்டு காலி என்று யாரும் கேட்பதில்லை. பாட்டு பற்றிய கேள்வியைத் திறந்தால் பீரியட் போய்விடும் என்று பயந்து மூடியிருக்கலாம். பீரியட் முடிந்த பிறகு போய், மக்காவிட்டியைப் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இப்படி ஒரு பிள்ளை வந்து கேட்டால் மறுக்கிற ஆங்கில ஆசிரியர் குறைவு.

ஆங்கிலப் பாட்டு கேட்டால் ஆங்கிலம் வளருமா என்பதையும் உங்கள் கேள்விக்குக் கீழே கருத்து எழுதிய சிலர் கிளறியிருக்கிறார்கள். அழுத்தம், ஒரு சொல்லின் கடைசியும் அடுத்த சொல்லின் முதலும் ஒட்டுகிற விதம், இவை காதில் ஏறும் என்பதை என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். இலக்கணம் ஏறும் என்று சொல்ல மாட்டேன். பாட்டு வேண்டுமென்றே இலக்கணத்தை உடைக்கும், இரட்டை எதிர்மறை வைக்கும், மெட்டுக்காகச் சில இடத்தில் அழுத்தத்தையே தவறான சிலபிளுக்குத் தள்ளும். பாட்டு ஓட விட்டுக்கொண்டே படிப்பது தனி விஷயம். மோட்சார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று பரவிய செய்தி 1993இல் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு வகை வடிவப் புதிரில் மட்டும், சுமார் 10, 15 நிமிஷம் நீடித்த பலன் அது. நம் ஊரில் அதைப் பரீட்சை மார்க் வரை இழுத்துவிட்டார்கள். வரிகள் உள்ள பாட்டை ஓடவிட்டுப் பாடம் வாசித்தால் இரண்டு சொற்கூட்டமும் மோதிக்கொள்ளும் என்பதை நீங்களே ஒரு பக்கம் வாசித்துச் சோதித்துக்கொள்ளலாம். கணக்குப் போடும்போது அவ்வளவு மோதல் இருக்காது.

கடைசியாக பி.ஏ. கேள்வி. பாட்டு பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேர்ந்தால் முதல் வருஷமே ஏமாற்றமாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்திலிருந்து இலக்கிய வரலாறு, நாடகம், உரைநடை, நாவல், விமர்சனம் என்று போகும். பாட்டு வரிகள் பாடமாக வருவது அபூர்வம், வந்தால் பிற்கால விருப்பப் பாடங்களில் ஓரமாக வரும். நாவல் படிக்கப் பொறுமை இருக்கிறதா என்று இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் படிப்பில் பாதி அதுதான். விடுமுறையில் 200 பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு ஆங்கில நாவலை, உரை நோட்ஸ் இல்லாமல், முடித்துவிட முடிந்தால் பயமில்லாமல் சேரலாம். முடியவில்லை, ஆனால் வரிகளும் தாளமும் மட்டும் இழுக்கின்றன என்றால் இசையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வேறு பட்டம் படிப்பதும் நல்ல வழிதான். எதுவானாலும் விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கி ஆறு பருவத்துக்கும் என்னென்ன தாள்கள் என்று பாருங்கள். கவிதைத் தாளில் யாப்பு என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் துறைக்கே நேரில் போய், அதை யார் நடத்துகிறார், வகுப்பில் வாய்விட்டு வாசிக்கச் சொல்வாரா என்று இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரியுங்கள். கல்லூரியின் தரவரிசையைவிட உங்களுக்கு உபயோகமான தகவல் அதுவாகத்தான் இருக்கும்.